தோட்டம் பார்க்கப் போனது

இலங்கைக்குள் நுழைய அனுமதி கேட்கும் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. 2024 ஜனவரியில் கோத்தகிரி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அம்மாவுக்கும் பெரியம்மாவுக்குமாக அதை நிரப்பிக்கொண்டிருந்தேன். என்ன போடட்டும் என்று கேட்டேன். "தோட்டம் பார்க்கப் போறோம்னு போடு" என்றாள் பெரியம்மா. அம்மா அதற்குத் தலையாட்டினாள். அந்தக் கட்டத்துக்கென்று அவர்களே சில விடைகள் வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சுற்றிப் பார்த்தல் என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

கோயம்புத்தூரில் பயண ஏற்பாடு செய்து தருகிற ஒருவரிடம் தொலைபேசியில் இதையேதான் சொல்லியிருந்தேன்: வயதான சகோதரிகள் இருவர், தோட்டம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அவர் உற்சாகமாகிவிட்டார். தோட்டம் பார்ப்பதற்கென்றே கிளம்பிவரும் வெள்ளைக்கார அம்மாக்கள் உண்டு, நம் பக்கத்திலிருந்து இப்படிக் கேட்டவர்கள் நீங்கள்தான் முதல் என்றார். இரண்டு நாளில் நிகழ்ச்சி நிரல் வந்தது. பேராதனை தாவரவியல் தோட்டம், ஹக்கல தாவரவியல் தோட்டம், நுவரெலியா விக்டோரியா பூங்கா. நாங்கள் போகவேண்டிய தோட்டம் தலவாக்கலைக்கு மேலே இருந்தது. அது அந்தத் தாளில் இல்லை.

ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். செய்யவில்லை. பேராதனையை நான் பார்க்க ஆசைப்பட்டேன் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தத் தோட்டத்துக்குப் போவதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட நினைத்தேன். சின்ன வயதிலிருந்து கேட்டுக்கேட்டு அந்த இடம் எனக்குள் ஒரு மாதிரி உறைந்துபோயிருந்தது. நேரில் போய் அது கலைவதை நான் விரும்பவில்லை. எழுதுகிறவனின் சுயநலம் இது. பெரியம்மாவுக்கு 66 வயது, அம்மாவுக்கு 61. அவர்களுக்கு இன்னொரு முறை வாய்க்காது என்று தெரிந்தும் முதல் மூன்று நாட்களை எனக்காக எடுத்துக்கொண்டேன். கடைசி இரண்டு நாட்களை மட்டும் காலியாக வைக்கச் சொல்லிவிட்டு, சொந்தக்காரர்களைப் பார்ப்பதற்கு என்றேன்.

பயணக் கட்டுரை என்ற வகையின் மேல் எனக்கு மரியாதை குறைவு. தமிழில் அது பெரும்பாலும் விமானத்தில் என்ன சாப்பிட்டோம் என்று ஆரம்பித்து, நம் ஊர் போல வருமா என்று முடியும். 'நம் ஊர்' எது என்பதில் சந்தேகம் வராதவர்களுக்குச் சௌகர்யமான வடிவம் அது.

தோட்டம் என்ற சொல்லுக்கு அகராதி என்ன பொருள் சொன்னாலும், எங்கள் வீட்டில் அதற்குப் பூவோடும் புல்வெளியோடும் சம்பந்தம் இல்லை. துரைக்கும் கம்பெனிக்கும் பிறகு அரசாங்கத்துக்கும் சொந்தமான மலை அது. லயம், பெரட்டுக் களம், கொழுந்து அரைக்கிற ஸ்டோரு, கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற புள்ளைக் காம்பரா, மாரியம்மன் கோயில், புதைகாடு எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். யாரையாவது புதிதாகப் பார்த்தால் எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள், எந்தத் தோட்டம் என்றுதான் கேட்பார்கள். பூத்தோட்டம் என்று ஒன்று இருந்தது துரையின் பங்களாவைச் சுற்றி மட்டும். அங்கே வேலை செய்தவரைத் தவிர மற்றவர்கள் வேலிக்கு வெளியேதான். சிறுமியாக இருந்தபோது வேலி இடுக்கு வழியாகப் பார்த்த ஒரு நீலப் பூவைப் பற்றி அம்மா அடிக்கடி சொல்வாள். அதன் பெயர் அவளுக்குத் தெரியாது.

சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதைக்கு 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்று பெயர் வைத்தார். தமிழில் அது 'தேயிலைத் தோட்டத்திலே' ஆயிற்று. இலங்கையில் ஆங்கிலம் பேசுபவர்கள் இதை எஸ்டேட் என்றே சொல்வார்கள். கார்டன் என்பது அஸ்ஸாம், டார்ஜிலிங் பக்கத்து வழக்கு. தலைப்பில் அவர் ஏன் இந்தச் சொல்லைப் போட்டார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தமிழில் தோட்டம் என்று ஒரே சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிந்து ஒன்று பூவுக்கும் ஒன்று கணக்குக்கும் போய்விடுகிறது. அவர் பிரிய விடவில்லை என்று தோன்றுகிறது. 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர் அவர். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவருக்கு ஓட்டுப் போட்ட ஜனங்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது.

பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம், இலங்கைக்கு மூன்று லட்சம். மீதி ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் சிறிமாவும் இந்திராவும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். எண்களின் முழுமைதான் என்னை எப்போதும் உறுத்துவது. கவுண்டரில் நாள் முழுதும் கணக்கு நேர்செய்கிற எனக்குத் தெரியும், உண்மையான கணக்கு இப்படிப் பூஜ்யங்களில் முடியாது.

தாத்தா இந்தியாவுக்கு மனுப் போட்டார். ஏன் போட்டார் என்று பாட்டி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். 1973, 74இல் ரேஷனில் அரிசியும் மாவும் சுருங்கி, தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த காலம். அப்போது அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை இருந்தது. ஆண்பிள்ளை, என் மாமா ஆகியிருக்க வேண்டியவர். பாட்டிக்குப் பால் வற்றிப்போயிற்று. ஏழு மாதத்தில் குழந்தை இறந்தது. இறந்த இரண்டாம் மாதம் பாஸ்போர்ட் வந்தது. அதில் குழந்தையின் பெயரும் சேர்ந்திருந்தது என்பாள் பெரியம்மா; அம்மா அப்படி இல்லை என்பாள். அந்தத் தாள்கள் இப்போது இல்லை.

பெரியம்மாவுக்கு அப்போது 16. பதினாலு வயதிலேயே செக்ரோலில் பேர் பதிந்து கொழுந்து எடுத்தவள். அம்மாவுக்கு 11. ரயிலுக்கு அங்கே கோச்சி என்று பெயர். ஆள்கள் இந்தியாவுக்குப் போன ரயிலை அழுகைக் கோச்சி என்றார்கள். அதில் தலைமன்னார். அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம். மண்டபம் முகாமில் சில நாள். பிறகு துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். தாத்தாவின் தாத்தா அங்கிருந்துதான் போனார் என்று பெயர். தாத்தா பிறந்ததே இலங்கையில். ஆனாலும் அந்தக் கிராமத்தின் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் தாலாட்டு. போய்ச் சேர்ந்தபோது உறவுக்காரர்கள், பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்று பயந்து போனார்கள். கேட்பதற்கு அங்கே பங்கு எதுவும் இல்லை. எட்டு மாதம் ஒரு மாட்டுக்கொட்டகையை ஒட்டி இருந்துவிட்டு, இப்படித் திரும்பியவர்களுக்காகவே 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கோத்தகிரிக்கு ஏறினார்கள். மறுபடி மலை, மறுபடி லயம், மறுபடி கொழுந்து. அரசாங்கத் தாளில் அவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். கடைத்தெருவில் சிலோன்காரர்கள்.

சொல்ல வந்தது 'ஊர்' என்ற சொல் பற்றி. தலவாக்கலையில் இருந்தவரை பாட்டி ஊர் என்று சொன்னால் அது துறையூர்ப் பக்கத்துக் கிராமம். கோத்தகிரிக்கு வந்த பிறகு ஊர் என்று சொன்னால் அது தலவாக்கலை. நான் சிறுவனாக இருந்தபோது 'ஊர்ல இருந்தப்ப' என்று அவள் ஆரம்பித்தால் எந்த ஊர் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் எதுவோ அதுதான் ஊர். இந்த இடமாற்றம் எப்போது நடந்தது, ராமானுஜத்தில் கால் வைத்தபோதா, மாட்டுக்கொட்டகையிலா என்று அவளைக் கேட்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

பேராதனை வாசலில் வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம் என்று பலகை இருந்தது. பெரியம்மா கவுண்டரில் குனிந்து சிங்களத்தில், தான் இந்த நாட்டில் பிறந்தவள் என்றாள். ஐம்பது வருஷம் பேசாமல் வைத்திருந்த சிங்களம். சந்தையில் கற்றது. உள்ளே இருந்த பையன் சந்தோஷமாகச் சிரித்து, எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டான், அவள் சொன்னாள், அந்தப் பக்கம் நல்ல குளிராயிற்றே என்றான். பிறகு மரியாதையாகப் பாஸ்போர்ட்டைச் சுட்டிக்காட்டி வெளிநாட்டவர் சீட்டையே கொடுத்தான். அவன்மேல் தப்பில்லை. நான் அவன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

உள்ளே மகாவலி மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது. நடுவில் நூற்று நாற்பத்தேழு ஏக்கர். பனைவரிசைகள், மூங்கில் புதர்கள், கிளைகளைத் தரைவரை பரப்பிக்கொண்டு தனி ஒரு மண்டபம் போல நிற்கிற ஜாவா அத்தி, அப்பால் மரங்களில் ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்குகிற பழந்தின்னி வௌவால்கள். நான் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். சகோதரிகள் இருவரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அவர்கள் வேலையாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இந்தப் புல்லை இவ்வளவு சீராக வைக்க ஒரு நாளைக்கு எத்தனை பேர் வேண்டும், களையெடுக்கிற பெண்கள் எப்போது தேத்தண்ணிக்குப் போவார்கள், இந்தச் செடியைக் கவ்வாத்து வெட்டியவனுக்கு வெட்டத் தெரியவில்லை. "இங்க வெட்டினா மழைத் தண்ணி உள்ள போயி அழுகிரும்" என்று அம்மா ஒரு தண்டைத் தொட்டுக் காட்டினாள். எங்கள் மூவரில் அந்தத் தோட்டத்தை உண்மையில் பார்த்தவர்கள் அவர்கள்தான் என்று இப்போது நினைக்கிறேன். எனக்குப் பலகைகள் மட்டும் ஞாபகம் இருக்கின்றன.

பலகைகளில் ஒன்று நாகலிங்க மரத்தினுடையது. 1901இல் வந்த இளவரசரும் அவர் மனைவியும் நட்டது. அவர்தான் பின்னால் ஐந்தாம் ஜார்ஜ். அடியில் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. பெரியம்மா ஒன்றை எடுத்து விரித்து உள்ளே லிங்கத்தையும் மேலே கவிந்த படத்தையும் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் வெள்ளைச் சேலை உடுத்திய ஒரு சிங்கள மூதாட்டியும் அதே பூக்களைப் பையில் சேர்த்துக்கொண்டிருந்தாள், விகாரைக்கு. புத்தர் பிறந்தபோது நிழல் தந்த சால மரம் இதுதான் என்று அவர்களிடம் ஒரு நம்பிக்கை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. இது தென் அமெரிக்க மரம், நம் சிவனுக்கும் அவர்கள் புத்தருக்கும் பின்னால் வந்தது, அசல் சால மரம் வேறு என்று பெரியம்மாவிடம் விளக்கினேன். "அப்ப இதுவும் வந்த மரந்தானா" என்று சொல்லி அவள் பூவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எல்லாமே வந்தவைதான் அங்கே. வரவழைப்பதுதான் அந்தத் தோட்டத்தின் வேலை. 1821இல் அலெக்ஸாண்டர் மூன் என்பவர் இதைப் பேராதனையில் அமைத்தார். 1839இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்து அஸ்ஸாம் தேயிலை விதைகள் இங்கே வந்தன. அப்போது யாருக்கும் அவை தேவைப்படவில்லை. காப்பியில் பணம் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காப்பிக்காகத்தான் திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து ஆட்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து போனதும், வழியிலேயே செத்து விழுந்ததும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் காப்பி இலையில் துரு விழுந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் மலைகள் முழுவதும் தேயிலை ஆயின. ரப்பரும் இப்படியே. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேஸிலிலிருந்து சுமார் எழுபதாயிரம் விதைகளை லண்டனில் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி கண்ணாடிப் பெட்டிகளில் பத்திரமாக அந்த ஆண்டே இலங்கைக்குக் கப்பலேறின. ஊட்டியில் 1848இல் மெக்கைவர் அமைத்த தோட்டமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதே மெக்கைவர் நீலகிரியில் சின்கோனா பயிரிட்டார். ஹக்கலவில் 1861இல் தோட்டம் திறந்ததும் சின்கோனாவுக்காகத்தான். ஆக, நான் இரண்டாகப் பிரித்து வைத்திருந்த தோட்டங்கள் ஒன்றுக்கொன்று அந்நியமானவை இல்லை. கோயம்புத்தூர்க்காரர் தவறிப் போட்ட நிகழ்ச்சி நிரல் ஒருவிதத்தில் சரியானது. பேராதனையில் வைத்து வளர்த்துப் பார்த்துத்தான் தலவாக்கலைக்கு அனுப்பினார்கள். ஒரு மரம் எந்தக் கண்டத்திலிருந்து வந்தது, எந்த ஆண்டு வந்தது, யார் கையால் நட்டார் என்பதெல்லாம் அங்கே பலகையில் இருக்கிறது. என் தாத்தாவின் தாத்தா எந்த ஆண்டு மன்னாரில் இறங்கினார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதைப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. அவள் ஜாவா அத்தியின் வேரில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நன்றாயிருக்கிறதா என்று கேட்டேன். "நல்லா வச்சிருக்காங்க" என்றாள். பிறகு, "நம்ம தோட்டத்துக்கு எப்ப" என்றாள்.

மறுநாள் பேராதனைச் சந்தியிலிருந்து நானுஓயாவுக்கு ரயில். ஹட்டன் தாண்டியதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கொட்டகலை, பிறகு தலவாக்கலை. சென் கிளேயர் அருவியைப் பார்த்து அம்மா, தண்ணி எங்க என்று கேட்டாள். 2012இல் மேல் கொத்மலை நீர்மின் நிலையம் வந்த பிறகு ஆறு முன்போல் இல்லை என்றேன். ரயில் தலவாக்கலையில் நின்றது. பெரியம்மா எழுந்து பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். நுவரெலியாவில் அறைக்குப் பணம் கட்டியிருக்கிறது, நாளைக்கு ஹக்கல, மறுநாள் இங்கே வரப்போகிறோம் என்றேன். ரயில் நின்ற அந்தச் சில நிமிஷங்களில் நான் சொன்னவை எல்லாம் நியாயமானவை. அவள் ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தாள். ஸ்டேஷன் பலகை நகர்ந்து போனபோது அம்மா தலையைத் திருப்பிக்கொண்டே போனாள், கழுத்து எவ்வளவு திரும்புமோ அவ்வளவு.

ஹக்கலவில் பனி. சீதையைச் சிறைவைத்த அசோகவனம் இந்தப் பக்கம்தான் என்று ஐதீகம். கீழே சீதாஎலியவில் ஓடையோரம் கோயில் இருக்கிறது. கும்பிட்டோம். தோட்டத்துக்குள் ஒரு திருப்பத்தில் அம்மா நின்றுவிட்டாள். ஹைட்ரேஞ்சியா, நீலம், பந்து பந்தாக. "இதுதான்டா" என்றாள். பங்களா வேலி இடுக்கில் பார்த்த பூ. கோத்தகிரியிலும் ஊட்டியிலும் இந்தப் பூ பார்க்கும் இடமெல்லாம் இருக்கிறது, நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அவளும் பார்த்திருக்கவேண்டும். ஆனால் அங்கே வைத்துத்தான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. மற்ற இடங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விக்டோரியா பூங்காவுக்கு நாங்கள் போகவில்லை.

தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் இன்னும் அங்கேயே வேலை செய்கிறார்கள். தலவாக்கலையிலிருந்து ஆட்டோவில் முக்கால் மணி நேரம் ஏற்றம். அந்த லயம் அப்படியே நின்றது. தகரம் மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. வாசலில் நின்ற பெண் எந்தத் தோட்டம் என்று கேட்டாள். "இதே தோட்டந்தான்" என்றாள் பெரியம்மா. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணியும் தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் கொடுத்தார்கள். பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு பாட்டியம்மா வந்தாள். பெரியம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவள். அவர்கள் குடும்பம் சிலோனுக்கே மனுப் போட்டது. ஒருவரை ஒருவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்கள். அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் கணக்குப் பேசினார்கள். அங்க நாளுக்கு எத்தனை கிலோ, இங்க எத்தனை கிலோ. இங்கே பேருக்கு ஆயிரம் ரூபாய், கிலோ குறைந்தால் அரைப்பேர். அந்த ஆயிரம் இந்தியக் காசில் எவ்வளவு என்று என்னிடம் கேட்டார்கள். சொன்னேன். "ஊருல பரவாயில்லையே" என்றாள் அந்தப் பாட்டியம்மா. பெரியம்மா என்னைப் பார்த்தாள். அவள் பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

அந்த வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருகிறவன். பேச்சுவாக்கில் நான் 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்று சொன்னதும் திருத்தினான். மலையகத் தமிழர் என்று சொல்லுங்கள் அண்ணா என்றான். 2023இல், ஆட்கள் வந்து இருநூறு வருஷம் ஆனதை முன்னிட்டு மன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்களில் அவனும் ஒருவன். அவனுக்கு ஊர் கடலுக்கு அப்பால் இல்லை. அது எனக்கு நிம்மதியாகவும், ஏனோ கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. நண்பர்கள் சிலர் இதையெல்லாம் கதையாக எழுது என்கிறார்கள். 'துன்பக்கேணி'யைப் பயணப் பையில் எடுத்துப் போயிருந்தேன். அங்கே அதைத் திறக்கக் கூச்சமாயிருந்தது.

பெரியம்மா வந்த காரியம் அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பையிலிருந்து ஒரு பால் பாக்கெட்டும் ஊதுவத்தியும் எடுத்தாள். தம்பியைப் புதைத்த இடத்துக்குப் போகவேண்டும் என்றாள். அவ்வளவு சின்னக் குழந்தையைப் புதைகாட்டுக்குக் கொண்டுபோகவில்லை, மலையிலேயே தேயிலைக்கு நடுவில் ஒரு மேட்டில் வைத்தார்கள். தலைமாட்டில் அடையாளத்துக்குத் தாத்தா ஒரு முள்முருங்கைக் கம்பை ஊன்றினார். இதுவரை இருவருக்கும் ஒரே ஞாபகம். இடத்தில்தான் சண்டை வந்தது. ஸ்டோருக்குப் போகிற ரோட்டுக்கு மேலே என்றாள் பெரியம்மா. இல்லை, பீலிக்குப் பக்கத்தில், ஆறாம் நம்பர் மலையில் என்றாள் அம்மா. "நீ அப்ப சின்னப் புள்ள, உன்னைய யாரு கூட்டிட்டுப் போனது?" "நீ வேலைக்குப் போயிட்டக்கா. அப்பா கூட நான்தான் போனேன்." இது அவர்கள் ஐம்பது வருஷமாகப் பேசாமல் வைத்திருந்த விஷயம் என்பது அந்தக் குரல்களில் தெரிந்தது. கோத்தகிரியில் ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர்கள்.

முதலில் ரோட்டுக்கு மேலே போனோம். பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு வி.பி. தேயிலை வைத்திருந்தார்கள். மண் ஒரு தடவையாவது முழுக்கப் புரண்டிருக்கும். பெரியம்மா கொஞ்ச நேரம் நின்று, ஒரு செடியின் தூரில் பாதிப் பாலை ஊற்றினாள். பிறகு ஆறாம் நம்பர். பீலி இருந்தது. தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதற்கு இருபது அடி மேலே வரப்போரம் ஒரு முள்முருங்கை நின்றது. அது அந்தக் கம்பாக இருக்க நியாயமில்லை. எத்தனை தடவை வெட்டியிருப்பார்கள், ஒன்று போய் ஒன்று நட்டிருப்பார்கள். தோட்டத்தில் முள்முருங்கை இல்லாத மலை ஏது? இதையும் நான் வாய்விட்டுச் சொல்லப் பார்த்து, நாகலிங்கம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். அம்மா மீதிப் பாலை ஊற்றி ஊதுவத்தி செருகினாள். பெரியம்மா, இந்த இடம் இல்லை என்று இன்னொரு தடவை சொன்னாள். சொல்லிவிட்டு, கூட வந்த பையனிடம் கத்தி வாங்கி, அந்த மரத்தில் விரல் கனத்தில் ஒரு கம்பைச் சாய்வாக வெட்டினாள். வெட்டின நுனியில் ஈரமண்ணை அப்பி, பையில் இருந்த ஒரு பழைய வேட்டித் துண்டை நனைத்துச் சுற்றினாள். கோத்தகிரியில் வீட்டு வாசலில் ஊன்றப் போகிறேன் என்றாள்.

அன்று ராத்திரி கொழும்பில் எனக்குத் தூக்கம் இல்லை. மண்ணோடு செடி கொண்டு போகக்கூடாது. அனுமதிச் சான்று வேண்டும், இரண்டு பக்கமும் சோதனை உண்டு. பிடித்தால் அபராதம், விசாரணை, மேலே ஏதாவது ஆகி வேலைக்கு வந்தால் என்ன என்று என் மனம் ஓடிற்று. கட்டுநாயக்க விமான நிலைய வாசலில், உள்ளே போகுமுன், அதை இங்கேயே போட்டுவிடலாம் பெரியம்மா என்றேன். காரணங்களைச் சொன்னேன். காப்பித் துரு பற்றிக்கூடச் சொன்னேன், ஒரு இலையில் வந்த நோய் ஒரு நாட்டுப் பயிரையே அழித்ததை. நான் சொன்னதில் பொய் எதுவும் கிடையாது. கண்ணாடிப் பெட்டியில் வந்த கன்றுகளைப் பற்றி நான் சொல்லவில்லை.

அம்மா பேசவில்லை. பெரியம்மா கம்பைப் பையிலிருந்து எடுத்தாள். ஒரு நாளில் அதன் கணுவில் ஒன்றும் வந்திருக்கவில்லை, பச்சையாக மட்டும் இருந்தது. குப்பைத் தொட்டி நிரம்பியிருந்ததால் மேலே குறுக்காக வைக்கவேண்டியிருந்தது. வைக்குமுன் நுனியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். மண்ணை உதறி, தண்ணீரைப் பிழிந்து, மடித்துத் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டாள்.

"துணி நம்மது" என்றாள்.